கண்டக்டர் கல்யாணத்துக்குக் கேட்ட பூ

எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் மிஷின் மூன்றாவது தடவையாக நின்றபோது, ரிப்பேர்காரர் அதன் வயிற்றைத் திறந்து உள்ளே கிடந்ததையெல்லாம் ஒரு தட்டில் எடுத்து வைத்தார். நட்டுகள், ஒரு ஃபியூஸ், சுருட்டிய செம்புக் கம்பி, பாதிச் சீப்பு, பஸ் கண்டக்டர் ஊதும் விசில் ஒன்று.

"ஏனுங்கக்கா, ஊட்டுல பட்டறை ஏதாச்சும் நடத்தறீங்களா?" என்று கேட்டார்.

"பட்டறை இல்லீங்க. புருசன்" என்றேன்.

என் கணவர் மணியன் நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் ஒயரிங் வேலை செய்கிறார். நல்ல வேலைக்காரர், நல்ல மனுசன். ஒரே ஒரு கோளாறு. வழியில் கிடக்கும் எதையும் தாண்டிப் போக அவருக்கு மனசு வராது. குனிவார், எடுப்பார், ஊதித் துடைப்பார், சட்டைப் பையில் போடுவார். "எதுக்குங்க இது?" என்று கேட்டால் "ஆவும்" என்பார். எதற்கு ஆகும், எப்போது ஆகும் என்பதெல்லாம் அவருக்கும் தெரியாது. அந்த விசில் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் கிடந்ததாம். தட்டிலிருந்து அதை மட்டும் எடுத்துக் கழுவித் துடைத்து மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டார். ரிப்பேர்காரர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

இப்படிப்பட்ட மனுசனுக்கென்றே கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் அந்த லேப்டாப்பை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டேன்.

போன வருடம் மழைக்காலத்தில் லாரி கேபினிலிருந்து வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தார். குனிந்து பொறுக்க முடியாமல் அவர் பட்ட பாட்டையும், அதற்காக என்னைப் படுத்திய பாட்டையும் சொல்லி மாளாது. கோயமுத்தூர் ஹாஸ்டலில் படிக்கும் எங்கள் மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பை அவர் மடியில் வைத்து, "இதையாவது நோண்டுங்க" என்றேன். மகள் போனிலேயே சொல்லிக்கொடுத்து ஒரு விளையாட்டை அதில் ஏற்ற வைத்தாள்.

அதன் பெயர் 'கண்டக்டரைக் காணோம்'. சேலம் அரிசிப்பாளையத்தில் பிரின்சி என்ற பெண் தனியாளாக உட்கார்ந்து படம் வரைந்து, எழுதி, செய்தது. சேலத்திலிருந்து நாமக்கல் வரும் பஸ் ஒன்று ராசிபுரத்தில் டீக்கு நிற்கிறது. குடித்துவிட்டு வந்து பார்த்தால் கண்டக்டர் குணசீலனைக் காணோம். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு விசில் என்றால் கிளம்ப வேண்டும். அந்த இரண்டு விசில் காதில் விழாமல் டிரைவர் சென்னியப்பன் வண்டியை ஒரு அடி நகர்த்த மாட்டார். பயணிகள் வாயால் ஊதிப் பார்க்கிறார்கள், குக்கரை எடுத்து வரலாமா என்றுகூட யோசிக்கிறார்கள். "அது என்ற கண்டக்டர் விசில் இல்லீங்க" என்று சென்னியப்பன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொள்கிறார். நாமும் அந்த பஸ்ஸில் ஒரு பயணி. கண்டக்டரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓட்டம் கிடையாது, சுடுவது கிடையாது. மௌஸால் படத்தைத் தொட வேண்டும், அவ்வளவுதான். ஆளைத் தொட்டால் பேசுவார்கள். பொருளைத் தொட்டால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். பையில் இருப்பதை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்கலாம். எதையும் விடாமல் பொறுக்குகிறவனே ஜெயிப்பான். ஐயோ, இந்த வியாதிக்கு மருந்து கொடுப்பதை விட்டுவிட்டு எவளோ ஒருத்தி தீனி போட்டிருக்கிறாளே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் நான் அடுப்படியில் இருக்கும்போது உள்ளிருந்து கூப்பாடு. "ஏம்புள்ள! கொண்டியில நெய்யைத் தடவுனேன்! தொறந்துக்கிச்சு!" நான் தோசைக் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி, முதலில் என் நெய்ச் சட்டியைத்தான் திறந்து பார்த்தேன். அது பத்திரமாக இருந்தது. கண்டக்டர் ராசிபுரத்து நெய்க்கடை குடோனில் மாட்டிக்கொண்டிருந்தாராம். துருப்பிடித்த கதவுக் கொண்டியில் நெய் தடவி அவரை மீட்டுவிட்டாராம் இவர். மாவுக்கட்டுக் காலைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கோபப்படத்தான் போனேன், நானும் சிரித்துவிட்டேன்.

விளையாட்டின் முடிவில் செய்தவளின் போன் நம்பர் இருந்தது. கூப்பிடாமல் இருப்பாரா?

"சாமி, ஆட்டம் நெம்ப நல்லா இருக்குது. ஆனா டிரைவர் சீட்டுக்கு அடியில ஒரு தூக்குப்போசி இருக்குதுங்களே, அதை எப்படித் தொட்டாலும் எடுக்க முடியல. எதைச் சேத்தா வரும்?"

"அண்ணா, அது சும்மா படத்துக்கு வரைஞ்சதுண்ணா. எடுக்க முடியாது."

"எடுக்க முடியாததை அங்க ஏன் வெச்சே?"

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த வாரமே விளையாட்டைத் திருத்தி அனுப்பினாள். தூக்குப்போசியைத் தொட்டால் மூடி திறக்கும், உள்ளே புளிச்சோறு இருக்கும், "என்ற சோத்துல கை வெக்காதீங்க!" என்று சென்னியப்பன் துள்ளி எழுவார். என் கணவர் அதை வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கூடத் தப்பவில்லை.

அப்படித்தான் பிரின்சி எங்கள் வீட்டுப் பெண் மாதிரி ஆனாள். அவரை அண்ணா என்று கூப்பிடுகிறவள் என்னை அண்ணி என்றுதானே கூப்பிட வேண்டும்? அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவர் வழியாக வந்த உறவு இல்லை, தனி உறவு என்பதில் எனக்குள் ஒரு பெருமை. நான் அவரைத் திட்டுவதைப் போனில் கேட்டுக் கேட்டு, "அக்கா, உங்க திட்டை எனக்குக் குடுங்களேன். ரெண்டாம் பாகத்துல ஒரு பெரியம்மா வராங்க, கல்யாணப் பந்தியில பாயசம் வரலைன்னு சண்டை போடணும்" என்று கேட்டாள். நான் போனில் திட்டினேன், அவள் பதிவு செய்துகொண்டாள். ஒத்திகையே தேவைப்படவில்லை. எதிரில் அவரை உட்கார வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பாகத்தின் பெயர் 'கண்டக்டர் கல்யாணம்'. வேலை முடியப்போகும் நேரத்தில்தான் அந்தச் சிக்கல் வந்தது. பிரின்சியின் அப்பா வின்சென்ட் முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனுசர். மகள் வீட்டுக்குள் உட்கார்ந்து பொம்மை வரைந்தே காலத்தைக் கழித்துவிடுவாளோ என்று அவருக்குப் பயம். சொந்தக்காரர் ஒருவர் மூலம் சென்னையில் ஒரு கம்பெனி வேலை வந்தது. விளம்பரப் படம் வரைகிற வேலை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பிரின்சி தனக்குத் தானே ஒரு கெடு வைத்துக்கொண்டாள்.

"அக்கா, ரெண்டாம் பாகம் முதல் பாகத்தை விட ஒசத்தியா இருந்தா, இங்கயே இருந்து மூணாவது பண்ணுவேன். இல்லைன்னா, என்கிட்ட இருந்தது அவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டு சென்னைக்குப் போயிடுவேன். அண்ணா விளையாடிப் பாத்துட்டுச் சொல்லட்டும்."

"ஏஞ்சாமி, இவுங்க ஒருத்தரு சொல்றதை வெச்சா முடிவு பண்ணுவே?"

"மத்தவங்க எல்லாரும் சூப்பர்ங்கறாங்கக்கா. அதுல பாதிப் பேரு திறந்தே பாக்கல. தூக்குப்போசிக்குச் சண்டை போட்ட ஒரே ஆள் அண்ணாதான்."

என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. என் சமையலைப் பற்றியே வராது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை இரண்டாம் பாகம் வந்து சேர்ந்தது. பட்டறைக்கு லீவு போட்டார். குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டி, ஏதோ பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். நான் உலை வைத்துவிட்டு அரிசி களையப் போனேன். களைந்து, போட்டு, சோறு பாதி வேகும் முன்னே லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"என்னங்க, அதுக்குள்ள?"

"முடிஞ்சுது புள்ள. சட்டுனு முடிஞ்சுது."

பிரின்சிக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பினார். "சாமி, முதல் பாகம்தான் ஒசத்தி. ரெண்டாவது மனசுல ஒட்டல. தப்பா நெனச்சுக்காதே." அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே சுரீர் என்றது. கொஞ்ச நேரத்தில் "சரிங்கண்ணா" என்று ஒரே ஒரு பதில் வந்தது. சாயந்திரம் வின்சென்ட் கூப்பிட்டு, "உங்களுக்குக் கோயில் கட்டணும்ங்க. புள்ள ஒத்துக்கிட்டா. டிக்கெட் போட்டுட்டேன்" என்றார். என் கணவர் போனை வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

நான் ஒரு சுயநலக்காரி. அந்த நேரத்திலும் என் கவலை என் குரலைப் பற்றித்தான்.

"அது போவுது. என்ற குரல் எப்படி இருந்துச்சு?"

"உன்ற குரலா? அது எங்க வந்துச்சு?"

"பந்தியில, பாயசத்துக்குச் சண்டை போடறப்ப."

"பந்தி எங்க வந்துச்சு? கல்யாணமே நடக்கலியே."

என் கையிலிருந்த ரசக் கரண்டி அப்படியே நின்றது. கல்யாணம் நடக்காமல் பந்தி எப்படி வரும், பந்தி வராமல் நான் எப்படி வருவேன்? இந்த மனுசன் எதையோ முழுசாகப் பார்க்காமல் மூடி வைத்திருக்கிறார் என்று எனக்கு உறைத்தது. உடனே பிரின்சியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, போனை நடுவில் வைத்தேன்.

"அண்ணா, எது வரைக்கும் விளையாடினீங்க?" அழுது தொண்டை கட்டியிருந்தது அவளுக்கு.

"கடைசி வரைக்கும்தான் சாமி. பஸ் சனம் அத்தனை பேரும் வெண்ணந்தூர்ல அமுதவல்லியைப் பொண்ணு கேக்கப் போறோம். பொண்ணோட அப்பன் பூ கேக்கணும்ங்கறாரு. அவுங்க கோயிலுக்குப் போறோம். பூ போட்டா செவப்பு வந்துருச்சு."

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, எதுவானாலும் சாமியிடம் பூ கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். எங்கள் கோயில்களில் வெள்ளை என்றால் செய், சிவப்பு என்றால் வேண்டாம்.

"செவப்பு வந்தப்புறம்?" என்று பிரின்சி கேட்டாள்.

"அப்புறம் என்ன? சாமி வேண்டாம்னுருச்சு. எந்திரிச்சு வந்துட்டேன்."

போனில் ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்தேன். சிரிப்பு.

"அண்ணா! அது முடிவு இல்லீங்கண்ணா! அதுதான் முதல் புதிரே! அதுக்கப்புறம் பாதி நாள் விளையாட்டு இருக்குண்ணா!"

"சாமி சொன்னதுக்கு அப்புறம் என்ன புதிர்?"

"கெணத்து மேட்டுல நந்தியாவட்டைச் செடி இருக்குல்ல? ரெண்டு பூ பறிச்சுக்கணும். பூசாரி திரும்பி நிக்கறப்ப செவப்பை எடுத்துட்டு, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையை வெச்சிடணும். எதை எடுத்தாலும் வெள்ளைதான் வரும்!"

என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"ரெண்டுலயும் வெள்ளையை வெச்சுட்டுக் கேக்கறதா? அப்புறம் சாமி எதுக்கு? நீயே சொல்லிக்க வேண்டியதுதானே!"

"அண்ணா, இது கேம்ணா."

"கேமா இருந்தா என்ன? வேலு, சூலம், விளக்கு எல்லாம் நீதானே வரைஞ்சு வெச்சிருக்கே? நான் பூவை மாத்த மாட்டேன்."

"எங்க வீட்டுல இந்த வழக்கம் கிடையாதுண்ணா. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. ஒரு சிநேகிதி சொல்லிக் கேட்டு, இதை ஒரு பூட்டு மாதிரி வெச்சுட்டேன்."

"பூட்டுன்னா சாவி வெய்யி. திருட்டுச் சாவி வெக்காதே."

இவர் மாற்ற மாட்டார். மாற்றாமல் மேலே போக முடியாது. மேலே போகாமல் தீர்ப்பு சொல்ல முடியாது. திங்கட்கிழமை சென்னைக்காரன் காத்திருக்கிறான். ஒரு பெண்ணின் பிழைப்பு ஒரு செவ்வரளிப் பூவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்கு வந்ததே ஆத்திரம்.

"ஏனுங்க, பெரிய யோக்கியர் மாதிரி பேசறீங்களே, நம்ம கல்யாணத்துக்கு என்ன பூ வந்துச்சு?"

பிரின்சி, "என்னக்கா வந்துச்சு?" என்றாள்.

சொன்னேன். என்னைப் பெண் கேட்டு வந்தபோது எங்கள் வீட்டுக் கோயிலில் பூ போட்டார்கள். சிவப்பு. எங்கப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். என் மாமனார் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். "சம்மந்தி, உங்க சாமிக்கு எங்க பையனைத் தெரியாதுங்க. எங்க சாமி அவன் பொறந்ததுல இருந்து பாத்துட்டு இருக்குது. அதுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்றார். எல்லாரும் ஒரே வேனில் ஏறி அவர்கள் குலசாமி கோயிலுக்குப் போனார்கள். வெள்ளை வந்தது. எங்கப்பா கொஞ்ச நேரம் அந்தப் பூவையே பார்த்துவிட்டு, "சரி, ஒரு சாமியாவது ஒத்துக்கிச்சே" என்றார். அதை வைத்துத்தான் எனக்குத் தாலி ஏறியது.

"அக்கா!" பிரின்சி கத்திய கத்தில் போன் அதிர்ந்தது. "மாப்பிள்ளை வீட்டுக் கோயில்! பொண்ணு வீட்டு ஆளுங்க எல்லாரையும் பஸ்ஸுல ஏத்தணும்! ஐயோ, எவ்வளவு நல்லா இருக்கு! வெச்சிடறேன்கா, வேலை இருக்கு!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே பஸ் ஏறி, தன் லேப்டாப்பைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவ்வளவு நாள் போனில் பேசியவளை அன்றுதான் நேரில் பார்க்கிறேன். ஒல்லிக்குச்சி, கண்ணுக்குக் கீழே கருவளையம், வாயெல்லாம் பல். "சாப்பிட்டுட்டு ஆரம்பிக்கலாம் கண்ணு" என்றேன். யார் கேட்டார்கள்? மூன்று பேரும் பாயில் உட்கார்ந்தோம். அவர் கையில் மௌஸ், நான் வலப்பக்கம், அவள் இடப்பக்கம்.

சிவப்பு வந்தது. பெண்ணின் அப்பா துண்டை உதறினார். இந்தத் தடவை டிரைவர் சென்னியப்பன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். "உங்க சாமிக்கு எங்க பையனைத் தெரியாதுங்க. எங்க சாமி அவன் பொறந்ததுல இருந்து பாத்துட்டு இருக்குது" என்றார். என் மாமனார் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அவர் சொன்ன சொல் ஒரு பொம்மை வாயில் வந்ததும் என் கணவர் மூக்கைச் சிந்துவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு என்ன ஆட்டம், என்ன கூத்து! பெண் வீட்டார் ஒவ்வொருவரும் பஸ்ஸில் ஏற ஒவ்வொரு சாக்குச் சொல்ல, ஒருத்தருக்கு ஜன்னல் சீட், ஒருத்தருக்குச் செருப்பு, ஒருத்தரோடு வரும் ஆட்டுக்குட்டிக்கும் இடம் என்று பிடித்துப் பிடித்து ஏற்றினோம். நானும் கத்தினேன். "அந்தக் கயித்தை எடுங்க! ஆடு, ஆடு! ஆட்டைத் தொடுங்க!" மாப்பிள்ளை வீட்டுக் கோயிலில் பூசாரி பொட்டலத்தைப் பிரித்தபோது மூன்று பேருமே மூச்சை அடக்கிக்கொண்டோம். நந்தியாவட்டை. நான் கைதட்டியதில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பந்தியில் என் குரல் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, வீடே அதிர்ந்தது. "பாத்தீங்களா!" என்றேன். "தினமும் கேக்கறதுதானே" என்றார்.

கடைசியில் மாப்பிள்ளை குணசீலனுக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, அமுதவல்லி அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றித் தன் வாயில் வைத்து இரண்டு தடவை ஊதுகிறாள். சென்னியப்பன் கண்ணாடியில் பார்க்கிறார். "இது என்ற கண்டக்டர் விசில்தானுங்க" என்று கியர் போடுகிறார். பஸ் கிளம்புகிறது. படம் முடிந்தது.

பிரின்சி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "இப்பச் சொல்லுங்கண்ணா" என்றாள். "ரெண்டுல எது ஒசத்தி?"

என் கணவருக்கு நெற்றி வேர்த்தது. நான் அவர் முழங்காலில் ஒரு கிள்ளு கிள்ளினேன். பலனில்லை.

"பொய் சொல்லட்டுமா சாமி?"

"வேண்டாங்ணா."

"முதல் பாகம்தான்."

பாவி மனுசன்! அதோடு நிறுத்தினாரா? "இதுல படம் அழகு. பாட்டு நல்லா இருக்குது. சிரிப்பும் கூடத்தான். ஆனா அதுல ஒரே ஒரு பஸ்ஸு. அந்த பஸ்ஸுக்குள்ள எதைத் தொட்டாலும் பதில் வரும். தூங்கிட்டு இருந்த ஆயாவைத் தொட்டாக்கூட மூணு தரம் மூணு விதமா வைவா. இதுல ஊரே இருக்குது, தொட்டா பாதிப் பேரு ஊமை. குழாயைத் தொட்டேன், தண்ணி வரல. நாயைத் தொட்டேன், குலைக்கல. பந்தல்காரரு வெறும் 'ம்'ங்கறாரு. பெரிய ஊடு கட்டியிருக்கே சாமி, ஆனா எல்லா ரூம்லயும் வெளக்குப் போடல."

பிரின்சி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். கண்ணில் நீர் முட்டி நின்றது, விழவில்லை. பிறகு மெதுவாக அவரைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அண்ணா கோயில்ல செவப்பு வந்துருச்சு. உங்க கோயில்லயும் ஒரு வார்த்தை கேட்டுரலாங்களா?"

அவ்வளவு நாள் அந்த விளையாட்டைத் திட்டிய வாய் இது. என்னையும் ஒரு சாமியாக நினைத்து ஒருத்தி கேட்கிறாள்.

"ரெண்டாம் பாகம்தான் ஒசத்தி" என்றேன். "முதல் பாகத்துல பொம்பளைன்னு இருந்தது ஒரு கிழவி, அவளும் தூங்கறா. இதுல அமுதவல்லி விசிலை வாங்கி ஊதறா பாரு, அதுக்கே எந்திரிச்சு நின்னுட்டேன். அவரு நாயைத் தொட்டாரு, குழாயைத் தொட்டாரு. நான் அந்தப் புள்ள மூஞ்சியைப் பாத்துட்டு இருந்தேன்."

"உன்ற குரல் வருதுன்னு சொல்றே" என்றார் அவர்.

"ஆமா, அதுக்குந்தான்! இல்லைன்னு சொன்னனா?"

பிரின்சி சிரித்துக்கொண்டே அழுதாள். போனை எடுத்துத் தன் அப்பாவைக் கூப்பிட்டாள். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடிக்கத் தொடங்கியதும் என் கணவர் என் பக்கம் குனிந்து, "ரெண்டு சாமியும் ஒத்துக்கிட்டாத்தானே புள்ள முறை?" என்று முணுமுணுத்தார்.

"நமக்கு எத்தனை சாமி ஒத்துக்கிச்சு?" என்றேன். "அந்த ஒரு வெள்ளைப் பூவை வெச்சுக்கிட்டுத்தானே இத்தனை வருசம் உங்களோட மாரடிச்சுட்டு இருக்கேன். குறைஞ்சா போயிட்டேன்?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். அங்கே வின்சென்ட் போனை எடுத்து "சொல்லும்மா" என்றார். பிரின்சி, "அப்பா... அது வந்துப்பா..." என்று இழுத்தாள்.

என் கணவர் சட்டைப் பையில் கையை விட்டார். ஒரு நட்டு விழுந்தது, ஒரு கம்பித் துண்டு விழுந்தது. கடைசியில் அந்த விசில் வந்தது, என் மிஷினை நிறுத்திய அதே விசில். வாயில் வைத்து, கன்னம் உப்ப, இரண்டு தடவை ஊதினார்.

இரண்டு விசிலுக்கு என்ன அர்த்தம் என்று வின்சென்ட்டுக்குத் தெரியாதா? முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனுசர்.

"யாரும்மா அங்க ரைட் குடுக்கறது?" என்றார்.

"அண்ணாதான்பா" என்றாள் பிரின்சி. "சென்னை டிக்கெட்டை வேண்டாம்னு சொல்லிருங்க. மூணாவது பாகம் ஆரம்பிக்கறேன்."